வெட்டு, அறுப்பு, கட்

தேனிப் பக்கம் எங்கள் பழனிசெட்டிபட்டியில் வாழைத்தாரை வெட்டுவோம், வாழை இலையை அறுப்போம். மரம் ஒன்று, அரிவாளும் பல நேரம் ஒன்றுதான், ஆளும் ஒரே ஆள். இருந்தாலும் “இலை வெட்டிட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பினால் எங்கள் அப்பத்தா விடாது. “இலைய எவன்டா வெட்டுவான்? அறுத்துட்டு வாறேன்னு சொல்லு” என்று திண்ணையிலிருந்தே திருத்தும். தண்டை நறுக்க வேண்டும். பூவை ஆய்ந்து அரிய வேண்டும். தார் இறங்கிய மரத்தை மட்டும் சாய்க்க வேண்டும். அதை வெட்டினேன் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டதில்லை. குலை தள்ளி முடித்த மரத்துக்குக் காட்டும் மரியாதையோ என்னவோ.

அப்பத்தாவின் அருவாமனை வேப்பம் பலகையில் பதித்தது. ஒரே பாதம் வருடக்கணக்காக மிதித்து மிதித்துப் பலகையின் நடுப்பகுதி வழவழவென்று குழிந்திருக்கும். ஒரு காலை மடக்கி, இன்னொரு முழங்காலைக் குத்தவைத்து அது உட்கார்ந்தால், கத்தி எதிரே யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்கும். கத்தி அசையாது. காய்தான் கத்தியிடம் போகும். அவரைக்காயை ஒரு பிடி சேர்த்து இரண்டு கையாலும் தள்ளத் தள்ள, அந்தப் பக்கம் தட்டில் பொடிப்பொடியாக உதிரும். பேச்சு நிற்காது, பார்வை வாசலில் இருக்கும், விரல் மட்டும் கத்திக்கு அரை அங்குலம் முன்னால் தானாக நின்றுவிடும். அதுதான் அரிதல். மேடையில் பலகையை வைத்துக் கத்தியை மேலும் கீழும் ஆட்டுகிற இப்போதைய வேலைக்கு நறுக்குதல் என்று பெயர். அகராதிகள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரே பொருள் சொல்லிவிடுகின்றன. எங்கள் அடுப்படியில் அவை வேறு வேறு வேலைகள்.

தேங்காயை உடைத்து, பத்தை பத்தையாகக் கீற வேண்டும். நுங்கைச் சீவ வேண்டும். முழுப் பூசணிக்காயை வீட்டுப் பெண்கள் வெட்டக் கூடாது, ஆண்பிள்ளை யாராவது வந்து முதல் போடு போட வேண்டும். கோழியை அறுப்பார்கள், கிடாயை வெட்டுவார்கள். கறிக்கடைக்காரர் எலும்பை வெட்டுவார், கறியைத் துண்டு போடுவார், கேட்டால் கொத்தியும் கொடுப்பார். இத்தனைக்கும் யாரும் இலக்கணம் படித்ததில்லை. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

ஆங்கில வகுப்பில் இந்த வித்தியாசம் ஒன்றுமே செல்லாமல் போனது. வாத்தியார் வினைச்சொற்களை மூன்று கட்டம் போட்டுப் பலகையில் எழுதுவார். கோ, வென்ட், கான் என்று நாக்கைச் சுளுக்கும் அந்தப் பட்டியலில் எங்களுக்குச் செல்லப்பிள்ளை ‘கட், கட், கட்’. நேற்று வெட்டியதும் இன்று வெட்டுவதும் வெட்டி முடித்ததும் ஒரே சொல். கடைசி பெஞ்சு அதை ரயில் வண்டித் தாளத்தில் பாடும். தமிழில் என்ன என்று வாத்தியார் கேட்டபோது ஒருவன் வெட்டு என்றான், ஒருவன் அறு என்றான், ஒரு பெண் பென்சிலைக் காட்டிச் சீவு என்றாள். “எல்லாம் கட்தான், உட்காருங்க” என்றார் வாத்தியார். அவர் சொன்னது சரிதான்.

அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் பின்னாளில் தேடிப் படித்தேன். ஆங்கிலம் மாதிரி பழைய மொழியில் இவ்வளவு அடிப்படையான சொல் ஆதியிலிருந்தே இருந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். இல்லை. பழைய ஆங்கில எழுத்தில் ‘கட்’ அகப்படவே இல்லை. 13ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில்தான் தலைகாட்டுகிறது. கட்டன், கிட்டன், கெட்டன் என்று ஊருக்கு ஒரு விதமாக எழுதியிருக்கிறார்கள். வேர் இன்னதென்று அறிஞர்கள் அடித்துச் சொல்வதில்லை. ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பது பெரும்பாலோர் கணிப்பு. ஸ்வீடனின் வட்டாரப் பேச்சில் கத்தியால் சீவுவதற்கும், ஐஸ்லாந்து மொழியில் சின்னக் கத்திக்கும் இதன் சாயலில் சொற்கள் இருக்கின்றன.

அதற்கு முன்னால் ஆங்கிலேயர் எதைக்கொண்டு வெட்டினார்கள்? நம்மைப் போலவே அவர்களிடமும் தனித்தனிச் சொல் இருந்திருக்கிறது. செயோர்ஃபன் என்றொரு வினை. அது இன்று ‘கார்வ்’ ஆகித் தேய்ந்து, சுட்ட இறைச்சியைத் துண்டு போடவும் மரத்தில் சிற்பம் செதுக்கவும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘ஷியர்’ என்பது செம்மறி ஆட்டு ரோமத்தோடு ஒதுங்கிக்கொண்டது. ஸ்னீதன் பொதுவழக்கிலிருந்தே போய்விட்டது. அதன் உடன்பிறப்பு மட்டும் ஜெர்மன் மொழியில் ‘ஷ்னைடன்’ என்று இன்றும் நன்றாக இருக்கிறது. எங்கிருந்தோ வந்த ஒரு சின்னச் சொல் வீட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் திண்ணைக்கும் கொல்லைக்கும் அனுப்பிவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

இதைக் கம்பம் ரோட்டு டீக்கடையில் சொன்னால் யாராவது ஒருவர் கட்டாயம், “அது நம்ம கத்தியிலருந்து போனதுண்ணே. கத்தி, கட்… பாருங்க” என்பார். தமிழறிஞர் பாவாணர் 1966இல் தமிழே உலகின் மூத்த செம்மொழி என்று ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஆங்கிலச் சொல் எதைக் கண்டாலும் அதற்குள் தமிழைத் தேடும் ஆசை அதற்கப்புறம் நம்மை விடவில்லை. ஆசையில் குற்றமில்லை. ஆனால் ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராமத்தானுக்குத் தமிழ்க் கத்தி போய்ச் சேர்ந்த வழியைக் காட்டினால்தான் அந்தப் பேச்சு நிற்கும். யாரும் காட்டியதில்லை.

உண்மையான உறவு வேறொரு இடத்தில், யாரும் தேடாத இடத்தில் இருக்கிறது. கத்தரிக்கோலில். கத்தரி என்பது சமஸ்கிருதத்தின் ‘கர்த்தரி’ பிராகிருதத்தில் ‘கத்தரி’யாகி நம்மிடம் வந்தது. அந்தக் கர்த்தரிக்கு மூலமான வினைக்கு வெட்டுதல் என்று பொருள். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் அந்த வேரின் வழி வந்தவைதான் ஆங்கிலத்து ஷியர், ஷார்ட், ஷர்ட், ஸ்கர்ட் எல்லாம். வெட்டிக் குட்டையாக்கியது என்பதால் ஷார்ட்; அப்படிக் குட்டையாக வெட்டிய உடை என்பதால் ஷர்ட்.

எங்கள் ஊர்த் தையல்காரர் ஒருவர் கடையில் தீபாவளிக்கு முந்திய வாரம் காத்துக் கிடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பெரிய இரும்புக் கத்தரி, கைப்பிடியில் துணி சுற்றியது. சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்து, அப்புறம் கத்தரியைத் திறக்காமலே ஒரே தள்ளாகத் தள்ளுவார். துணி சர்ரென்று இரண்டாகும். “ஷர்ட்டு எப்ப மாமா கெடைக்கும்?” என்று நச்சரிப்போம். கையில் இருந்த கத்தரியும் வாயில் இருந்த ஷர்ட்டும் ஒன்றுவிட்ட சொந்தம் என்று அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியாது. ஆசாமி வேறு சமயம் தன்னைக் கட்டிங் மாஸ்டர் என்று சொல்லிக்கொள்வார். அந்தக் ‘கட்’டுக்குத்தான் இவர்கள் இருவரோடும் ஒட்டும் உறவும் இல்லை.

மே மாதக் கத்திரி வெயிலும் இதே கர்த்தரிதான். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் இன்றும் கர்த்தரி என்றே போடுவார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் வழியாகத்தான் தேனிச் சனம் போகும். மண்டையைப் பிளக்கிற வெயிலில் அக்கினிச்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, மஞ்சள் துணியோடு வரிசை வரிசையாக நடப்பார்கள். வெயில் ‘பிளக்கிறது’, இதுவும் ஒரு வெட்டுதான். விறகைப் பிளப்பது, மண்டையைப் பிளப்பது, பாறையைப் பிளப்பது. அறுப்பதற்கு ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், பிளப்பதற்கு வேகம் போதும்.

பாறை என்றதும் முல்லைப் பெரியாறு வந்துவிடுகிறது. எங்கள் பக்கத்தில் எதைப் பேசினாலும் கடைசியில் அந்தத் தண்ணீரில் போய்த்தான் விழ வேண்டும். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, 1887இல் வேலை தொடங்கி, மலையை முதலில் திறந்த வாய்க்காலாக வெட்டி, அதற்குமேல் வெட்ட முடியாத உயரம் வந்ததும் ஒரு மைலுக்கு மேல் குடைந்து கொண்டுவந்தார்கள். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். வெட்டுவது வானம் தெரிகிற வேலை, குடைவது இருட்டு வேலை. அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக் பெயரைச் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் “மலையக் குடஞ்ச வெள்ளக்காரன்” என்பார்களே தவிர மலையை வெட்டியவன் என்று சொல்லமாட்டார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கள் ஊர்த் தடுப்பணையில் வழிந்து இறங்குவதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரில் தேனி தாலுகாவுக்கு 2,412 ஏக்கர். முதல் போகத்துக்கு ஜூன் 1ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் மண்வெட்டியும் கையுமாக ஆள் வரப்பில் நிற்பார். “மடைய வெட்டி விடுப்பா” என்று மேல்வயல்காரரிடம் சத்தம் போடுவார். இரண்டு கொத்து மண்ணை எடுத்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்பும். வெட்டுவது மண்ணைத்தான். ஆனாலும் “தண்ணி வெட்டிட்டு வாறேன்” என்பதுதான் பேச்சு.

நெல் விளைந்தபின் அறுப்பு. கருக்கருவாளில் பல் இருக்கும். தாளை இடது கையில் வளைத்துப் பிடித்து, அருவாளைத் தன் பக்கம் இழுத்தால் கரகரவென்று ஒரு சத்தம். ஓங்கி வீசுவது வெட்டு, இழுத்து வாங்குவது அறுப்பு. கையின் அசைவில்தான் வித்தியாசம். இலையை ஏன் அறுக்கிறோம், தாரை ஏன் வெட்டுகிறோம் என்பதற்கு அப்பத்தா காரணம் சொன்னதில்லை. தாருக்கு அரிவாளை ஓங்க வேண்டும். இலைக் காம்புக்கு வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். காரணம் கையிலேயே இருந்திருக்கிறது.

ஆனால் இதே ‘அறு’வை வேறு இடத்தில் சொல்ல வாய் கூசும். தாலியை அறுப்பது. நல்ல நாளில் அந்தச் சொல் வீட்டில் ஒலிக்கக் கூடாது. நூல் அறுந்தால்கூட “நூலு விட்டுப்போச்சு” என்று மாற்றிச் சொல்லும் அப்பத்தா, களத்து மேட்டில் “அறுப்பு எப்படி?” என்று வாய் நிறையக் கேட்கும். ஒரே சொல் ஒரு வீட்டில் நெற்குதிரை நிரப்புகிறது, இன்னொரு வீட்டில் நெற்றியைக் காலியாக்குகிறது. அறுத்துக் கட்டுவது என்று மறுமணத்தைச் சொல்லும் வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. அதை முகம் சுளிக்காமல், அறுப்பு முடிந்து அடுத்த நாற்று நடுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிப் போன கிழவிகளை எனக்குத் தெரியும்.

இனி ‘கட்’டுக்கு வருகிறேன். இன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு நாளில் அதிகம் புழங்குகிற ஆங்கிலச் சொற்களில் அது ஒன்று. கரண்ட் கட். போன் கட் ஆயிருச்சு. காலேஜைக் கட் அடிச்சுட்டான். சம்பளத்தில் கட். ஆபீசில் கட்டிங் வெட்டினால்தான் ஃபைல் நகரும். குவார்ட்டரை இருவர் பங்கு போட்டால் கட்டிங்; 2010இல் அந்தப் பெயரிலேயே ஒரு படமும் வந்தது. அல்லிநகரத்திலிருந்து போன பாரதிராஜா எடுத்த ‘16 வயதினிலே’ 1977இல் வந்தபின் தேனிப் பக்கத்து ஆலமரமும் ஆற்றங்கரையும் படப்பிடிப்புக்குப் பழகிவிட்டன. வேடிக்கை பார்க்கப் போகிற பொடியனுக்குக்கூட ‘கட்’ என்றால் கேமரா நிற்கும் என்று தெரியும்.

கவனித்துப் பாருங்கள். இவற்றில் ஒன்றிலும் கத்தி இல்லை. கம்பியை யாரும் அறுக்கவில்லை, போனை யாரும் நறுக்கவில்லை. 2012ஐ ஒட்டிய வருடங்களில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது பத்திரிகைகள் ‘மின்வெட்டு’ என்று எழுதின. எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் சொல்லவில்லை. பழைய ஆட்கள் “கரண்டு போச்சு” என்றார்கள், இளவட்டம் ‘கட்’ என்றது. கூர்மையும் கையும் இருக்கிற இடத்தில் தமிழ் வினை நகராமல் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பட்டென்று நிற்கும் இடத்தில் ‘கட்’ நுழைகிறது.

இதற்கு மாறானவையும் இருக்கின்றன. சலூனில் கட்டிங், சேவிங். தையலில் கட்டிங் மாஸ்டர். ஆலைக்குக் கரும்பு போட்டவர் “கட்டிங் ஆர்டர் இன்னும் வரலை” என்று புலம்புவார். ஆர்டர் வந்தபின் வயலில் நடப்பது கரும்பு வெட்டுதான். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியைக் கழிப்பதற்குக் கவாத்து என்று பெயர். பட்டாளத்து அணிவகுப்புப் பயிற்சிக்கும் கவாத்து என்றே சொல்வார்கள். உருது வழி வந்த சொல். வேலையே வெளியிலிருந்து வந்திருந்தால் அதற்கான சொல்லும் அதே வண்டியில் வந்து இறங்கிவிடுகிறது என்று தோன்றுகிறது. தாத்தன் காலத்து வேலைக்குத் தாத்தன் காலத்துச் சொல்.

வெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிப்பேச்சு, வெட்டிப்பயல் என்பதெல்லாம் வெட்டுதலிலிருந்து வரவில்லை. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ‘வெட்டி’ என்பது கூலி இல்லாமல் ஊருக்குச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. சும்மா செய்த வேலை சும்மா இருப்பதற்குப் பெயராகிவிட்டது. உழைத்தவர்களை இதைவிட மோசமாக ஒரு மொழி அவமதித்துவிட முடியாது.

அந்தக் கல்வெட்டுமே கல்லில் வெட்டியதுதான். 2006இல் ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரைப் புலிமான்கோம்பையில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். தமிழ்நாட்டில் கிடைத்தவற்றில் மிகப் பழைய நடுகற்களில் அவை சேரும். ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில் செத்த ஒருவனுக்காக நட்டது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர்தான் அது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த எழுத்துகளின் படத்தைப் பார்த்தால் உளி தயங்கித் தயங்கி நகர்ந்தது தெரியும்; கீறல்தான், ஆழம் இல்லை. ஆங்கிலத்தில் தேய்ந்துபோன அந்தக் ‘கார்வ்’, எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கக் ‘கிராஃப்’ இரண்டும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்கிறார்கள். எங்கே பார்த்தாலும் கீறியவன்தான் எழுதியிருக்கிறான். நம் ஊர் எழுத்தாணியும் ஓலையைக் கீறியதுதானே.

ஊரைப் பற்றிப் படம் எடுப்பவர்களுக்கு மட்டும் எங்கள் அரிவாள் ஆளை வெட்டுவதற்கு என்றே தெரிகிறது. கேமராவுக்கு அரிவாளைக் காட்ட வேண்டும் என்றால் விடியற்காலையில் வாழைத்தோட்டத்துக்கு வந்து இலைக்கட்டுகள் வண்டியில் ஏறுவதைப் படம் பிடிக்கட்டும். எங்கள் பக்கத்து அரிவாள்களில் பெரும்பாலானவை அந்த நேரத்தில் அங்கேதான் இருக்கும்.

இப்போது வயலில் ஆள் இல்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி மிஷின் இறங்குகிறது. அதன் பெயர் கம்பெனிக்காரர்களின் விளம்பரத்தில் ஹார்வெஸ்டர். எங்கள் ஊரில் அறுப்பு மிஷின். அதில் இழுத்து வாங்கும் கை இல்லை, பல் வைத்த அருவாள் இல்லை, ஆனாலும் அறுப்பு போகவில்லை. போய்க்கொண்டிருப்பது ‘அரி’தான். அருவாமனையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். தேனிக் கடைகளில் காய் பாக்கெட்டிலேயே ‘கட்’ ஆகி வருகிறது, தள்ளுவண்டியில் பழம் ‘கட் ஃப்ரூட்’ ஆகிவிட்டது. பிள்ளைகள் கீரையையும் வெட்டுகிறார்கள், கேக்கையும் வெட்டுகிறார்கள். ஆங்கிலத்துக்கு 13ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது நம் அடுப்படிக்கு இப்போது நேர்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: நம் சொற்களைத் தள்ளிவிடுவது ‘கட்’ என்பதைவிட நம்முடைய ‘வெட்டு’தான்.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பலாப்பழத்தை, பனங்கிழங்கை, முருங்கைக்காயை, மீனை, வைக்கோலை என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஊர்ப் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து ஊரில் வேறு சொல் இருக்கும், அதையும் எழுதுங்கள்.